கொடி மொழியைச் சொல்லாது

பல மொழிகளில் நடக்கும் இணையக் கடைகள் சிலவற்றில், பக்கத்தின் மேல் மூலையில் சின்னச் சின்ன நாட்டுக் கொடிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனிக் கொடியைத் தொட்டால் ஜெர்மன், பிரான்சுக் கொடியைத் தொட்டால் பிரெஞ்சு. இந்த ஏற்பாடு சுவிட்சர்லாந்துக்குப் போனதும் தடுமாறிவிடும். அங்கே ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமாஞ்சு என நான்கு தேசிய மொழிகள். ஜெனீவாவில் பிரெஞ்சு பேசுகிறவர் எந்தக் கொடியைத் தொடுவார்? பிரான்சுக் கொடியைத் தொட்டால் விலை யூரோவில் வருமா, பிராங்கில் வருமா? நம் மொழிக்கே இந்தச் சிக்கல் உண்டு. சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழி. தமிழுக்கு எந்தக் கொடி?

வெளிநாடுகளுக்கு விற்க நினைக்கிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். மொழி, நாடு, நாணயம் மூன்றும் மூன்று தனித்தனித் தேர்வுகள். சூரிச்சில் வேலை பார்க்கும் ஒருவர் ஆங்கிலத்தில் படித்து, சுவிஸ் பிராங்கில் பணம் கட்டி, சுவிஸ் முகவரிக்குப் பொருளை வரவழைக்கலாம். சூரிச்சைச் சேர்ந்த கலாக்ஸுஸ் என்ற இணையக் கடை, தன் நாட்டு வாடிக்கையாளர்களுக்கே ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் நடக்கிறது. கொடியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதி வைப்பதுதான் சரி. தமிழ் தேடி வருகிறவர் ‘தமிழ்’ என்ற சொல்லைத்தான் கண்ணால் துழாவுவார்.

ஒரே மொழியும் எல்லை தாண்டினால் மாறுகிறது. சைக்கிளை ஜெர்மனியில் ‘ஃபாராட்’ என்பார்கள். சூரிச்சில் அது ‘வேலோ’. மொழிபெயர்ப்பாளர் ‘ஃபாராட்’ என்று மட்டும் எழுதிவைத்தால், ‘வேலோ’ என்று தேடுகிற சுவிஸ்காரருக்குக் கடையில் சைக்கிளே இல்லாததுபோல் தெரியும். எண்ணை எழுதும் முறையும் வேறு. ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கரையை ஜெர்மனியில் 1.234,50 என்பார்கள், சுவிஸில் 1’234.50. புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறினால் விலையே மாறிப் படிக்கப்படும். ஜப்பானிய யென்னுக்குக் காசு கிடையாது. குவைத் தினாருக்கோ 1000 ஃபில்ஸ், அதாவது மூன்று தசம இடங்கள். எல்லா நாணயத்துக்கும் நூறு காசு என்று எண்ணி எழுதிய மென்பொருள் 5,000 யென்னை 50 ஆக்கிவிடும்.

கடையின் உள்ளே என்ன நடக்கிறது? திரையில் தெரியும் சொற்களை நிரல் தன்னிடம் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு சாவிப்பெயர். அந்தப் பெயருக்கு எதிரே ஒவ்வொரு மொழியிலும் ஒரு வாசகம். வாடிக்கையாளர் மொழியைத் தேர்ந்ததும் நிரல் அந்த மொழியின் பட்டியலிலிருந்து எடுத்துப் போடுகிறது. கேட்க எளிது. ஆனால் வாசகத்தைத் துண்டு துண்டாக ஒட்டத் தொடங்கினால் தமிழ் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஊர்ப்பெயருக்கு ஒரு காலியிடம் விட்டு, பின்னால் ‘க்கு டெலிவரி’ என்று எழுதிவைத்தால் ‘மதுரைக்கு’ சரியாக வரும். அடுத்த வாடிக்கையாளருக்கு ‘கும்பகோணம்க்கு’ என்று வந்து நிற்கும். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி அதன் ஈற்றையே மாற்றும் என்பது அந்த நிரலுக்குத் தெரியாது. ‘டெலிவரி செய்யும் ஊர்: கும்பகோணம்’ என்று வாசகத்தையே மாற்றி அமைப்பதுதான் வழி. எண்ணிக்கையிலும் இப்படித்தான். ஜப்பானியத்தில் பன்மைக்குத் தனி வடிவம் தேவையில்லை. அரபியில் எண்ணைப் பொறுத்து ஆறு வகை. இந்த விதிகளை யூனிகோடு அமைப்பு தொகுத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறது. அரபிக்கு இன்னொன்றும் வேண்டும். எழுத்து வலமிருந்து இடம் ஓடுவதால் பக்கத்தின் அமைப்பையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட வேண்டும்.

வாடிக்கையாளர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று இணைய முகவரியை வைத்து ஊகித்து, கேட்காமலே அவரை வேறு பக்கத்துக்குத் தள்ளும் கடைகள் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018 டிசம்பர் 3 முதல் இதைத் தடுத்திருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் ஒரு நாட்டுக் கடையிலிருந்து இன்னொரு நாட்டுக் கடைக்கு மாற்றக்கூடாது. நல்ல சட்டம். பயணத்தில் இருப்பவரும் புலம்பெயர்ந்தவரும் இந்த ஊகத்தில்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

சட்டம் பொத்தானின் எழுத்துக்குள்ளும் நுழைகிறது. ஜெர்மனியில் 2012 முதல், கடைசிப் பொத்தானில் ‘பணம் செலுத்தும் கடமையுடன் ஆர்டர் செய்கிறேன்’ என்ற பொருள் ஐயமின்றித் தெரிய வேண்டும். ‘உறுதிசெய்’ என்பதை அப்படியே ஜெர்மனில் பெயர்த்துப் போட்டால் அந்த ஆர்டர் வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது. வரியும் நாட்டுக்கு நாடு வேறு: ஜெர்மனியில் மதிப்புக் கூட்டு வரி பொதுவாக 19 சதவீதம், சுவிஸில் 2024 முதல் 8.1. பணம் கட்டும் வழியும் அப்படியே. நெதர்லாந்தில் ஐடீல், பிரேசிலில் பிக்ஸ், இந்தியாவில் யுபிஐ. இவை இல்லாமல் கார்டு மட்டும் வாங்கும் கடையில் கூடையை நிரப்பியவர் பணம் கட்டாமலே போய்விடுவார்.

முகவரிப் படிவத்தைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் நகராத படிவத்தில், இனிஷியலை மட்டும் வைத்திருக்கும் நாம் அப்பா பெயரை எழுதுவோம், அல்லது நம் பெயரையே இரண்டு முறை எழுதுவோம். ஜப்பானில் முகவரி அஞ்சல் எண்ணில் தொடங்கி, பெரிய பகுதியிலிருந்து சிறியதற்கு இறங்கும். ஹாங்காங்கில் அஞ்சல் எண்ணே இல்லை. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிய கடையில் அந்த ஊர்க்காரர் எதையாவது பொய்யாக எழுதித்தான் வாங்க முடியும்.

இன்னொரு மொழியில் கடை திறக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். அந்த நாட்டில் வாழ்ந்து அந்த மொழியில் புழங்கும் ஒருவரை உட்காரவைத்து, தேடுவதில் தொடங்கி பணம் கட்டி, பொருளைத் திருப்பி அனுப்புவது வரை செய்யச் சொல்லுங்கள். ஆர்டர் உறுதியானதாக அவருக்கு வரும் மின்னஞ்சல் எந்த மொழியில் இருக்கிறது என்றும் பாருங்கள்.