கமகம் ஏற, நிழல் இறங்கும்

பாட்டு துல்லியமாகக் கேட்க வேண்டும் என்று நல்ல ஸ்பீக்கருக்குக் காசு சேர்க்கிற கிட்டார்காரரே, ஒலியைக் கெடுப்பதற்கென்றே ஒரு பெடலும் வாங்குகிறார். பிட் கிரஷர் என்று பெயர். கேமரன் மலையில், பிரிஞ்சாங் பக்கம் ஏதாவது ஓர் அறையில் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பெட்டியால் என்ன லாபம்?

உள்ளே நடப்பது வெறும் கணக்கு. குறுந்தகட்டில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றில் வைப்பார்கள். அது 16 பிட். பெடலின் ஒரு குமிழ் படிகளைக் குறைக்கும்: 8 பிட்டுக்கு 256 படி, 4 பிட்டுக்கு 16 தான். இன்னொரு குமிழ், அளக்கும் தடவைகளைக் குறைக்கும். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் மெயின்ஃப்ரேம் பெடலில் 24 பிட்டிலிருந்து 1 பிட் வரை இறங்கலாம்.

4 பிட்டில் வைத்து ஒரு கம்பியை மீட்டிப் பாருங்கள். கார்வை தேயத் தேயக் கரகரப்பு கூடும். ஒலி படிக்குப் படி தடுக்கி விழும். கடைசிப் படிக்கும் கீழே போனதும் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். வால்வு ஆம்ப்ளிஃபயர் இதற்கு நேர்மாறு: ஓங்கி மீட்டினால் உறுமும், மெல்ல மீட்டினால் தெளியும்.

இரண்டாவது குமிழ் இன்னும் விஷமக்காரன். நொடிக்கு 5,000 முறைதான் அளக்கிறது என்றால், 2,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அதற்குப் பிடிபடாது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலி 2,000 ஆகத் திரும்பி வரும். 3,200 ஆக ஏறினால் 1,800 ஆக இறங்கும். கம்பியை இழுத்துக் கமகம் கொடுத்தால் சுரம் மேலே போகும், இந்த நிழல் ஒலிகள் கீழே சரியும். சுருதிக்குக் கட்டுப்படாத ஒலிகள். கச்சேரி கேட்டு வளர்ந்த காது முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பைத் தாண்டினால் நமக்கென்றே ஒரு புது ஒலி கிடைக்கும்.

ஹிப்ஹாப்காரர்களுக்கு இந்தக் கரகரப்பு இடப் பற்றாக்குறையில் வாய்த்தது. 1987-இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 சாம்ப்ளர், அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி, 12 பிட். பதிவுக்கு மொத்தமே பத்து நொடிதான் இடம். இடத்தை மிச்சம் பிடிக்க, 33 சுற்று இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு வேகத்தைக் குறைத்தார்கள். கரகரப்பு கூடியது, அதுவே அந்த இசையின் அடையாளமாகவும் ஆனது. அந்த ஹிப்ஹாப்பைத் தமிழில் ஊன்றியவர்களில் மலேசியர்கள் முக்கியமானவர்கள். பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்த யோகி பி, நட்சத்திராவோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு தமிழ்நாடு வரை போய்ச் சேர்ந்தது.

பயன்படுத்துவதில் சில சூட்சுமங்கள் உண்டு. பல சுரங்களைச் சேர்த்து அடித்தால் கூழாகிவிடும். ஒற்றைச் சுரமே நல்லது. முன்னால் கம்ப்ரஸர் வைத்தால் ஒலி சீக்கிரம் அறுபடாது. டிலே, ரிவெர்ப் இரண்டும் பின்னால் இருக்கட்டும். மூல ஒலியையும் பாதிக்குப் பாதி கலந்துவிட்டால் ராகம் பிழைக்கும். பெடல் இல்லாதவர்களுக்கு ஏபிள்டன் லைவ் மென்பொருளில் ‘ரீடக்ஸ்’ இருக்கிறது.

கிட்டாரோடு நிற்கவும் வேண்டாம். பிரிஞ்சாங்குக்கு அருகே சுங்கை பாலாஸில் உள்ள ‘போ’ தேயிலை நிறுவனத்தின் ஆலையில் தேயிலை உருட்டும் இயந்திரம், இருவர் பிடித்து நகர்த்தும் கொழுந்து வெட்டும் மோட்டார், தகரக் கூரையில் மழை, திருவிழாவில் உறுமி. அனுமதி கேட்டுக் கைபேசியில் பதியுங்கள். 8 பிட்டுக்கு இறக்குங்கள். கடையில் விற்கும் சாம்பிள் தொகுப்பில் இவை கிடைக்காது.