11 மாச அக்ரிமென்ட் போடாத வீட்டுக்காரர்!

நாச்சியாபுரத்தில் பஸ் ஏறி, குன்றக்குடி முருகனுக்கு ஜன்னல் வழியாகவே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காரைக்குடி காலேஜுக்குப் போய்ச் சேருகிற கூட்டத்தில் நீங்களும் ஒருவரா? அப்படியென்றால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டைத் தியாகம் பண்ணிவிட்டு, செட்டிநாடு பக்கம் ஒரு ரவுண்ட் போய் வாருங்கள். கால்நடைப் பண்ணைப் பக்கம், பொட்டல் வெளியில், நீளமாக ஒரு ஓடுபாதை கிடக்கும். ஆமாம் பாஸ், பிளேன் இறங்குகிற ஓடுபாதையேதான்!

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்டது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கே கொண்டுவிற்கப் போயிருந்த நம்ம செட்டியார்கள் பலர், கடையையும் கணக்குப் புத்தகத்தையும் அப்படியே போட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிய வருஷம் அது. ஜப்பான்காரன் அடுத்து இந்தப் பக்கம்தான் வருவான் என்ற பயத்தில் தென்னிந்தியா முழுக்க விமானத் தளங்கள் முளைத்தன. 'உங்க ஊர்ல தளம் போடலாமா?' என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. அடிமை நாட்டில் கேள்வி ஏது? 1947-ல் அவர்கள் கிளம்பினார்கள். பாதை மட்டும் இங்கேயே கிடக்கிறது. கதை ஓவர்.

ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் கதை ஓவர் ஆகவில்லை. அங்கே வெள்ளைக்காரன் நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். படையை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதுவும் எதிரியாக இல்லை, ஃப்ரெண்டாக! நண்பனின் படை நம் வீட்டுக்குள் இருந்தால் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் டெக்ஸ்ட்புக் எல்லாம் வேண்டாம். ஒரு செட்டிநாட்டு வீடு போதும்.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளுகிற பெரிய வீடு. பங்காளிகள் பத்துப் பேர் பத்து ஊரில். வீட்டை சும்மா பூட்டிவைக்க மனசில்லை. தெரிந்தவர் ஒருவர், நல்ல மனுஷன், 'முன்கட்டு மட்டும் கொடுங்கண்ணே' என்கிறார். கொடுக்கிறீர்கள். ஆனாலும் பத்திரத்தில் 11 மாசம் என்றுதானே எழுதுவீர்கள்? எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும் 11 மாசம்! ஏன்? கிளம்புகிற தேதி நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேதியே இல்லாத பத்திரம்

இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்க அந்தத் தேதியை எழுதவில்லை. 1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம். அதற்கு முன்பே, 1947 நவம்பரில், பிரிட்டனோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படை, கட்டுநாயக்கவில் பிரிட்டிஷ் விமானப்படை. எத்தனை வருஷத்துக்கு? அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

சேனநாயக்க ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு பயம் இருந்தது. யாரைப் பார்த்து? நம்மைப் பார்த்துத்தான்! பக்கத்திலேயே இவ்வளவு பெரிய இந்தியா சுதந்திரம் அடைந்து உட்கார்ந்திருக்கிறது, நாளைக்கு என்ன செய்யுமோ என்ற பயம். தூரத்து சண்டியரை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தால் பக்கத்து வீட்டுக்காரன் வாலாட்ட மாட்டான் என்ற கணக்கு. அவர் பக்கம் நின்று பார்த்தால் தப்பான கணக்கும் இல்லை.

ஆனால் பில் வேறு ரூபத்தில் வந்தது. ஐ.நா. சபையில் சேர இலங்கை மனுப் போட்டபோது, 'சொந்த மண்ணில் அந்நியப் படையை வைத்திருக்கும் நாடு எப்படி சுதந்திர நாடு ஆகும்?' என்று சோவியத் யூனியன் வீட்டோ போட்டது. 1955 டிசம்பரில்தான் இலங்கைக்கு ஐ.நா.வில் சீட் கிடைத்தது. அதாவது கிளாஸுக்கு வெளியே ஏழு வருஷம்!

திருகோணமலைக்காரர்களுக்கு இதைவிட நேரடியான ஒரு ஞாபகமும் இருந்தது. 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பான் விமானங்கள் அந்த ஊர் மேல் குண்டு போட்டன. அந்த ஊர் ஜப்பானுக்கு என்ன கெடுதல் செய்தது? ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் கப்பல்கள் அங்கே நின்றன, அவ்வளவுதான். திண்ணையில் சண்டியரை உட்காரவைத்தால், சண்டியரைத் தேடி வருகிறவனும் நம் வீட்டுக்குத்தான் வருவான்.

1956 ஏப்ரல் தேர்தலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி.பண்டாரநாயக்க ஜெயித்தார். தளங்களைத் திரும்ப வாங்குவேன் என்பது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று. அதே வருஷக் கடைசியில் சூயஸ் சண்டை. பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. 'நாளைக்கு நம்ம துறைமுகத்துல இருந்து இவங்க யார் மேலயாவது சண்டைக்குப் போனா, நாமளும் அந்தச் சண்டையில இருக்கோம்னுதானே அர்த்தம்?' என்ற கேள்வி அதற்குப் பிறகு தியரி கேள்வியாக இல்லை, பிராக்டிகலாகவே ஆகிவிட்டது.

1957 அக்டோபர் 15-ல் திருகோணமலையும் நவம்பர் 1-ல் கட்டுநாயக்கவும் இலங்கை கைக்கு வந்தன. ஒரு துப்பாக்கிச் சூடு இல்லை, ஒரு கல் வீச்சு இல்லை. உலகத்தில் இப்படிச் சுமுகமாக முடிந்த தளப் பிரச்னைகள் ரொம்பக் கம்மி. பிரிட்டன் விட்டுப்போன கட்டடங்களுக்கும் வசதிகளுக்கும் இலங்கை காசு கொடுக்க ஒப்புக்கொண்டது. குடியிருந்தவர் காலி பண்ணும்போது நாம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்றைக்கு கொழும்புக்குப் பறக்கிறவர்கள் போய் இறங்குவது அதே கட்டுநாயக்கவில்தான். அந்த விமான நிலையத்துக்கு இப்போது யார் பெயர் தெரியுமா? பண்டாரநாயக்க!

(இதே மனிதர்தான் அதே 1956-ல் சிங்களம் மட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தார் என்பதை நாம் மறக்க முடியாது. தளத்தை மீட்ட கையும் அதுதான், இன்னொரு தீயைப் பற்றவைத்த கையும் அதுதான்.)

போன சண்டியர் எங்கே போனார்?

பக்கத்துத் தெருவுக்கு! மாலத்தீவின் தென்கோடியில் இருக்கிற கான் தீவு. அங்கே அரசு எழுதிக்கொடுத்த பத்திரத்தில் தேதி இருந்தது, ஆனால் 100 வருஷம்! வாடகை வருஷத்துக்கு 2,000 பவுண்ட். 1957-ல் பிரதமராக வந்த இப்ராஹிம் நசீர், 'வருஷத்தைக் குறை, வாடகையை ஏற்று' என்று மல்லுக்கு நின்றார்.

இங்கேதான் கதையில் ஒரு ட்விஸ்ட். தளத்தில் வேலை பார்த்து நாலு காசு பார்த்த தென்பகுதி மக்கள், மாலே அரசின் மேல் ஏற்கெனவே கடுப்பில் இருந்தவர்கள், 1959-ல் 'நாங்க தனி நாடு' என்று சுவாதிவு குடியரசை அறிவித்துவிட்டார்கள். 1963 வரை அது நீடித்தது. ஆக, தளம் என்பது அந்நியன் வெர்சஸ் நாம் என்று மட்டும் நிற்காது. தளத்தால் சோறு சாப்பிடுகிறவன், தளத்தால் அவமானப்படுகிறவன் என்று ஒரே வீட்டுக்குள்ளேயே பங்காளிச் சண்டை ஆரம்பிக்கும். பிரிட்டிஷ்காரர்கள் 1976-ல் கானை விட்டுக் கிளம்பினார்கள்.

சோறு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூரைக் கேளுங்கள். 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்கிறோம் என்று 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தபோது சிங்கப்பூரில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களில் நம் தமிழர்களும் மலையாளிகளும் நிறைய. லீ குவான் யூ லண்டனுக்கே பறந்து போய், 'கொஞ்சம் மெதுவா கிளம்புங்க' என்று பேசினார். பிறகு செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது, பிரிட்டிஷ் விமானப்படையின் சாங்கி உலகப் புகழ் விமான நிலையமாக மாறியது. அதெல்லாம் பின்னாடி. அறிவிப்பு வந்த அன்றைக்கு அந்தத் தொழிலாளி வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உலகத்திலேயே வினோதமான வாடகை எது தெரியுமா? கியூபாவின் குவான்டனாமோ. 1903-ல் அமெரிக்கா எடுத்த குத்தகை. பிறகு வந்த ஒப்பந்தப்படி இரண்டு பேரும் சம்மதித்தால்தான் அது முடியும். வருஷ வாடகை 4,085 டாலர். ஃபிடல் காஸ்ட்ரோ அரசு அந்த செக்கை வங்கியில் போட மறுத்தது. வாடகையும் வேண்டாம், வீட்டைக் கொடு என்றால் அவர் கேட்டால்தானே!

நாமே குடித்தனக்காரர் ஆனபோது...

இதுவரை படித்ததில் உங்கள் ஓட்டு முழுக்க வீட்டுக்காரர் பக்கம்தான் விழுந்திருக்கும். சரி, இப்போது சீட்டை மாற்றி உட்காருங்கள். 1987 ஜூலை 29. ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் போடுகிறார்கள். கூடவே பரிமாறிய கடிதத்தில் ஒரு ஷரத்து: இந்தியாவின் நலனுக்குக் கெடுதல் வரும்படி திருகோணமலையை எந்த நாட்டின் ராணுவமும் பயன்படுத்த விடக்கூடாது. சேனநாயக்க எந்தப் பக்கத்து வீட்டுக்காரனை நினைத்து பயந்தாரோ, அதே வீட்டுக்காரன் 40 வருஷம் கழித்து அதே துறைமுகத்துக்குக் கண்டிஷன் போடுகிறான்!

ஒப்பந்தத்தோடு இந்திய அமைதிப்படையும் போனது. அது தளம் இல்லை, உண்மைதான். ஆனால் 'எப்போ கிளம்புவீங்க?' என்ற கேள்வி அதேதான். நண்பனாகப் போன படை, இரண்டே மாதத்தில் புலிகளோடு சண்டையில் இருந்தது. அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். தமிழன் சாபம் ஒரு பக்கம். தெற்கே, இந்தியப் பொருளை வாங்காதே என்று ஜே.வி.பி. ஒரு பக்கம். புதிய ஜனாதிபதி பிரேமதாச, 1989 ஜூன் 1-ம் தேதி பொதுமேடையிலேயே 'ஜூலை கடைசிக்குள் காலி பண்ணுங்கள்' என்றார். அதோடு நிற்கவில்லை. அமைதிப்படையை விரட்ட புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்துபோனார்கள். 1990 மார்ச் 24-ல் கடைசிப் படைகள் கப்பல் ஏறியது எங்கிருந்து? திருகோணமலையிலிருந்து! சென்னையில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

இதையே திருப்பிப் போட்டால் நமக்கு எப்படி வலிக்கும் என்பதற்கும் சாம்பிள் இருக்கிறது. 1991 வளைகுடாப் போரின்போது, அமெரிக்க ராணுவ விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. வெறும் பெட்ரோல் பங்க் வேலைதான். அதற்கே நாடு கொதித்தது, கடைசியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதே நாம், மாலத்தீவில் 2023-ல் 'இந்தியாவே வெளியேறு' என்று கோஷம் போட்டு முகமது முய்சு ஜெயித்தபோது என்ன சொன்னோம்? 'நன்றி கெட்டவங்க' என்றுதானே டீக்கடையில் பேசினோம்? அங்கே இருந்த நம் வீரர்கள் நூறு பேருக்கும் கம்மி. ரெண்டு ஹெலிகாப்டர், ஒரு சின்ன விமானம். தீவுகளிலிருந்து அவசர நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தவர்கள்தான். ஆனாலும் யூனிஃபார்ம் யூனிஃபார்ம்தான். 2024 மே 10-க்குள் அவர்கள் திரும்பினார்கள். ஹெலிகாப்டர் அங்கேயே இருந்தது. ஓட்டுவதற்கு யூனிஃபார்ம் இல்லாத இந்தியர்கள் போனார்கள்!

எப்போதாவது திருகோணமலை போனால் கோணேஸ்வரர் கோயிலுக்குப் போகாமல் வராதீர்கள். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். 17-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கோயிலை இடித்து, அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். பிறகு டச்சுக்காரர், பிரிட்டிஷ்காரர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் குடியேறினார்கள். இப்போது அந்தக் கோட்டைக்குள் இலங்கை ராணுவ முகாம். அர்ச்சனைத் தட்டோடு முகாமைக் கடந்துதான் சாமி கும்பிடப் போக வேண்டும். ஊருக்கு அந்தப் பக்கம் சீனன்குடாவில், பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய ராட்சத எண்ணெய்த் தொட்டிகள் 99 நிற்கின்றன. 2022 ஜனவரியில் அதற்கும் ஒரு பத்திரம் எழுதினார்கள். 14 தொட்டி நம் ஐ.ஓ.சி.யின் இலங்கைக் கம்பெனிக்கு, 24 இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டு பேருக்கும் கூட்டாக. கூட்டில் இலங்கைக்கு 51 சதவிகிதம், நமக்கு 49.