மிதியின் எச்சரிக்கை

கோவை மாவட்டத்தில், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் மலைப்பாதையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பயணிகள் நிறைந்த பழைய வேன் ஒன்று அப்பாதையில் இறங்குவதாகக் கொள்வோம். ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்துகின்றார். என்றும் உறுதியாய் எதிர்த்து நிற்கும் மிதி, அன்று பஞ்சுப் பொதியைப் போல அமிழ்கின்றது. வேனிலுள்ள அனைவருடைய உயிரும் அம்மிதியை நம்பியன்றோ இருக்கின்றது? இக்குறை எதனால் நேர்கின்றது, அதனைக் களைவது எங்ஙனம் என்பவற்றை ஆராய்வோம்.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம், அதன் எல்லாப் பகுதிகளுக்கும் குறையாது பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கிய உண்மை இது. மிதியை அழுத்தியவுடன், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைக் குழாய்களின் வழியே சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றது. நீர்மம் எளிதிற் சுருங்காது, காற்றோ சுருங்கும். குழாயினுள் காற்றுப் புகுந்தால், காலின் வலிமை அக்காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். மிதி மெத்தென்று அமிழ்வதற்கு முதற்காரணம் இதுவே.

பிறிதொரு காரணமும் உண்டு. பொதுவாக வழங்கும் பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர, அதன் கொதிநிலை தாழும். நெடிய இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது அழுத்தினால், எழும் வெப்பத்தால் அது கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். ஆதலின், மலையிறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்வதும், ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதும் இன்றியமையாதன.

குறையை நாடுவோர், முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுதல் வேண்டும். பின்னர், ஆயிற் கலத்தில் அளவு குறைந்துள்ளதா, சக்கரங்களின் உட்புறத்திலும் குழாய்களிலும் கசிவு உள்ளதா என நோக்குக. மிதியை அழுத்தியவாறே வைத்திருக்கும்பொழுது அது மெல்ல மெல்லத் தாழ்ந்தால், எங்கேனும் கசிவு இருத்தல் கூடும்; அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருத்தல் கூடும்.

கசிவை நீக்கிய பின்னரே காற்றை வெளியேற்றுதல் வேண்டும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகிலுள்ள நிப்பிளைச் சிறிது தளர்த்துவார். ஆயிலுடன் காற்றுக் குமிழிகளும் வெளிவரும். நிப்பிளை இறுக்கிய பின்னரே மிதியிலிருந்து காலை எடுத்தல் வேண்டும். முன்னரே எடுப்பின், காற்று மீண்டும் உட்புகும். குமிழி அற்றுப்போகும் வரை இவ்வாறு செய்து, ஆயிற் கலம் வறளாதவாறு புதிய ஆயிலை நிரப்பி வருக.

“இரண்டு மூன்று முறை மிதித்தால் வண்டி நிற்கின்றதே!” என்று அமைதி கொள்வாரும் உளர். காரணத்தை நாடாது வலியை மட்டும் மறைப்பது மருத்துவமாகுமா? மிதி மெத்தென்றவுடன் வண்டியை நிறுத்துதலே அறிவுடைமை. அடுத்த வளைவு வரை அக்குறை பொறுத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.