கத்தியின் தீட்டுகோணம்

கத்தியின் தீட்டுகோணம் என்பது அலகின் வெட்டும் ஓரத்தில் உள்ள சாய்வான பரப்பு, அலகின் நடுத்தளத்தோடு ஏற்படுத்தும் கோணம் ஆகும். இந்தச் சாய்வான பரப்பு சாய்முகம் எனப்படும். இரண்டு பக்கப் பரப்புகளும் சந்திக்கும் கோடே கத்தியின் கூர்விளிம்பு. கோணம் சிறிதானால் கத்தி எளிதாக வெட்டும். ஆனால் விளிம்பு விரைவில் மடியும் அல்லது சில்லாக உடையும். கோணம் பெரிதானால் விளிம்பு உறுதியாக நிற்கும். ஆனால் வெட்டுவதற்குக் கூடுதல் விசை தேவைப்படும். எனவே எல்லாக் கத்திகளுக்கும் பொருந்தும் ஒரே கோணம் இல்லை. வெட்டப்படும் பொருளும் அலகின் எஃகுமே அதை முடிவு செய்கின்றன.

பக்கக் கோணமும் மொத்தக் கோணமும்

ஒரு பக்கச் சாய்முகத்தின் கோணம் பக்கக் கோணம் எனவும், இரு பக்கங்களையும் கூட்டி வருவது மொத்தக் கோணம் எனவும் கூறப்படும். பக்கத்திற்கு 15 பாகையில் தீட்டிய கத்தியின் மொத்தக் கோணம் 30 பாகை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது பொதுவான தவறு. மொத்தம் 30 பாகை உள்ள கத்தியைப் பக்கத்திற்கு 30 பாகை எனக் கொண்டு தீட்டினால், விளிம்பு 60 பாகைக்கு மழுங்கி, காய்கறியை நறுக்காமல் பிளக்கும்.

சாய்முகத்தின் வகைகள்

பெரும்பாலான கத்திகளில் இரண்டு சரிவுகள் உள்ளன. முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி அலகு படிப்படியாக மெலிவது முதல் சரிவு. ஓரத்தில் மட்டும் குறுகலாக அமைந்திருப்பது விளிம்புச் சாய்முகம். தீட்டும்போது தேய்க்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவதே.

* தட்டை வடிவம்: சாய்முகம் நேரான தளமாக இருக்கும். தீட்டுவதற்கு எளிது.
* குவிந்த வடிவம்: சாய்முகம் வெளிப்புறம் வளைந்திருக்கும். விளிம்பின் பின்னால் உலோகம் மிகுதி என்பதால் கோடரிகளுக்கு ஏற்றது.
* குழிந்த வடிவம்: சரிவு உட்புறம் வளைந்திருக்கும். சவரக் கத்திகளில் காணப்படுகிறது.
* நுண்சாய்முகம்: விளிம்பை உறுதிப்படுத்த, அதன் நுனியில் மட்டும் சற்றுப் பெரிய கோணத்தில் சேர்க்கப்படும் மெல்லிய சாய்முகம்.
* ஒருபக்கச் சாய்முகம்: ஒரு பக்கம் மட்டும் சாய்வாக இருக்கும். மரவேலை உளியும், சப்பானியர் பச்சை மீனைச் சீவப் பயன்படுத்தும் யானகிபா கத்தியும் இவ்வகையின. யானகிபாவின் மறுபக்கம் மெல்லிய குழிவாக இருப்பதால் மீன்துண்டு அலகில் ஒட்டுவது குறைகிறது.

எஃகும் கோணமும்

செருமானிய முறைச் சமையல் கத்திகளின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் பொதுவாக 56 முதல் 58 வரை இருக்கும். இந்த எஃகு சற்று மென்மையானது. மிகச் சிறிய கோணத்தில் தீட்டினால் விளிம்பு மடியும். ஆகவே பக்கத்திற்கு ஏறத்தாழ 20 பாகை வழக்கமாக உள்ளது. சப்பானியக் கத்திகள் பலவற்றின் கடினத்தன்மை 60க்கு மேல் என்பதால் அவை 15 பாகையையும் தாங்கும். ஆனால் கடினமான எஃகு வளையாது. எலும்பின் மீது பட்டால் சில்லாக உடையும்.

எலும்பு வெட்டும் கத்திக்குப் பக்கத்திற்கு ஏறத்தாழ 25 பாகையும், ஒருபக்கச் சாய்முகம் கொண்ட மரவேலை உளிக்கு 25 முதல் 30 பாகையும் பொருந்தும்.

கோணத்தைக் கணித்தல்

தீட்டும்போது கத்தியின் முதுகு கல்லிலிருந்து எவ்வளவு உயர வேண்டும் என்பதை, அலகின் அகலத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி ஏறத்தாழ அறியலாம். அலகின் அகலம் 40 மில்லிமீட்டர் எனில் 15 பாகைக்கு 10 மில்லிமீட்டரும், 20 பாகைக்கு 14 மில்லிமீட்டரும் உயர்த்த வேண்டும். சில மில்லிமீட்டர் வேறுபாடே இரு கோணங்களையும் பிரிப்பதால், கையை ஒரே நிலையில் வைத்திருப்பது முக்கியம்.

சாய்முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் இரண்டொரு முறை தேய்த்தும் கோணத்தைச் சரிபார்க்கலாம். விளிம்பை ஒட்டி மை எஞ்சியிருந்தால் கத்தி அதிகமாகப் படுத்திருக்கிறது. விளிம்பில் மட்டும் மை போயிருந்தால் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. சாய்முகம் முழுவதும் மை நீங்கினால் பழைய கோணம் கிடைத்துவிட்டது எனலாம்.

பிசிறு

ஒரு பக்கத்தைத் தேவையான அளவு தேய்த்ததும் உலோகம் மெல்லிய பிசிறாக மறுபக்கம் திரளும். முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி விரலை மெதுவாக நகர்த்தினால் அதை உணரலாம். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது. பிசிறு விளிம்பு நெடுகிலும் தோன்றிய பிறகே மறுபக்கத்தைத் தீட்ட வேண்டும். இறுதியில் நுண்மையான கல்லில் பக்கங்களை மாற்றி மாற்றி, அழுத்தமின்றித் தேய்த்துப் பிசிறை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் தீட்டியவுடன் கூர்மையாகத் தோன்றும் கத்தி, சில வெட்டுகளிலேயே மழுங்கிவிடும்.

வெப்பத்தின் தீங்கு

வேகமாகச் சுழலும் உலர்ந்த சாணைச் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு விரைவில் சூடேறும். கார்பன் எஃகில் நீல நிறம் தோன்றினால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டியுள்ளது என்று பொருள். அங்கு எஃகின் கடினத்தன்மை குறைந்துவிடுவதால், எந்தக் கோணத்தில் தீட்டினாலும் கூர்மை நிலைக்காது. அலகை அடிக்கடி நீரில் நனைத்தும், சக்கரத்தில் நெடுநேரம் அழுத்தாமலும் இதைத் தவிர்க்கலாம்.

மழுங்கிய கத்தியின் இடர்

மழுங்கிய கத்தியைக் கூடுதலாக அழுத்த வேண்டியிருப்பதால், அது தக்காளி, வெங்காயம் போன்றவற்றின் வழுவழுப்பான தோலில் வழுக்கி, பிடித்திருக்கும் கையை வெட்டக்கூடும். மிகச் சிறிய கோணத்தில் தீட்டிய கத்தியும் விரைவில் மழுங்கி இதே நிலைக்கு வரும். எனவே அன்றாடச் சமையலறைக் கத்திக்கு, அதன் எஃகு தாங்கும் கோணத்தை மாற்றாமல் அவ்வப்போது சிறிதளவு தீட்டி வருவதே பாதுகாப்பானது.