விழித்திரையின் மின்சாட்சி

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வீதியில் தடையின்றி ஓடி விளையாடுகின்றான். ஆயினும் கரும்பலகை எழுத்துத் தெரியவில்லை என்கிறான். கண்ணாடி மாற்றியும் பயனில்லை. கண்ணினுள் நோக்கும் மருத்துவருக்கும் தொடக்கத்தில் குறை புலப்படாதிருக்கலாம். "படிப்புக்கு அஞ்சிப் பொய் சொல்கிறான்" என்ற பழி எளிதில் வந்துவிடுகிறது. அந்நிலையில் விழித்திரையையே சாட்சிக்கு அழைக்கலாம்.

ஒளி பட்டதும் விழித்திரையில் நுண்ணிய மின்மாறுதல் எழுகின்றது. 1865ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஹோல்ம்கிரேன் தவளையின் கண்ணில் இதனைக் கண்டார். இன்று கருவிழியின் மேலோ கீழிமையருகிலோ மின்வாயைப் பொருத்தி, ஒளி வீசி, எழும் அலையைப் பதிவு செய்கின்றனர். இதுவே எலெக்ட்ரோரெட்டினோகிராம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. விழித்திரை முழுவதற்கும் ஒளி வீசி எடுக்கும் பதிவு, திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரம் போன்றது. படிப்பதற்கும் முகம் அறிவதற்கும் உதவுவது நடுவிலுள்ள மாக்குலா. அங்கே கூம்பணுக்கள் நெருங்கியிருப்பினும், மொத்தக் கூம்பணுக்களில் அவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. சிலர் மௌனமானால் கூட்டத்தின் ஆரவாரம் குறையுமோ? பரம்பரையாய் வரும் ஸ்டார்கார்ட் நோயில், நடுப்பார்வை மங்கிய பின்னும் இப்பதிவு பலருக்குச் செம்மையாகவே அமைகின்றது. எனவே, பதிவு சரியென்பதால் சிறுவன் பொய்யனாகான். கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டும் சோதனையும், விழித்திரையின் சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியே ஆராயும் சோதனையும் மாக்குலாவின் குறையை வெளிப்படுத்தும்.

பெஸ்ட் நோய்க்கு வேறொரு சோதனை உண்டு. கண்ணின் முன்புறத்திற்கும் பின்புறத்திற்கும் இடையே எப்போதும் ஒரு மின்னழுத்தம் நிலவுகின்றது. அது இருளில் தணிந்து, ஒளியில் ஏறத்தாழ இரு மடங்காக உயர்வது இயல்பு. 1962இல் ஆர்டனும் அவர்தம் தோழர்களும் இவ்விகிதத்தை அளவுகோலாக்கினர். பெஸ்ட் நோயில் இவ்வுயர்வு மிகக் குறைவு. பார்வை நன்றாயுள்ள குடும்பத்தாரிடமும் இக்குறை பெரும்பாலும் காணப்படும்.

ஸ்டார்கார்ட் நோயில், குறையுள்ள மரபணு வழக்கமாகத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகின்றது. பெஸ்ட் நோய்க்குப் பொதுவாக ஒருவரே போதும். ஆதலின், வெளிமாநிலத்தில் வாழும் நேயர்கள், ஊரிலுள்ள பாட்டன், அத்தை முதலியோருக்கு நடுப்பார்வை மங்கியதுண்டா என விசாரித்து மருத்துவரிடம் கூறுதல் நலம்.

சோதனை நோயைத் தீர்ப்பதன்று. ஆயினும் முன் வரிசை இடத்தையும், உருப்பெருக்கிக் கண்ணாடியையும், பெரிய எழுத்துப் புத்தகத்தையும் சிறுவனுக்குப் பெற்றுத் தர உதவும். பொய்யன் என்ற பழியையும் துடைக்கும்.