பழந்துணியில் பிறக்கும் புதுநூல்

நுழையும்முன்

பஞ்சு நூலாகிறது, நூல் துணியாகிறது, துணி ஆடையாகிறது. இது நாம் அனைவரும் அறிந்த வழி. உடுத்திப் பழசான ஆடை மீண்டும் நூலாவது இதற்கு எதிரான வழி. அவ்வழியில் எவ்வளவு தொலைவு செல்லலாம், செல்லும்போது எவற்றைக் காக்கிறோம், எவற்றை இழக்கிறோம் என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

நூல் என்னும் சொல் தமிழில் நெசவுக்குரிய நூலையும் குறிக்கும். கற்பதற்குரிய நூலையும் குறிக்கும். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை நூலிழையாகவும், புலவரை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் கொண்டு கல்விநூல் உருவாகும் முறையை நன்னூல் விளக்குகிறது. இலக்கணம் கற்கும் மாணவருக்கு உவமையாகக் காட்டும் அளவிற்கு நூல் நூற்றல் அக்காலத்தில் அன்றாடக் காட்சியாக இருந்தது. ஒரு முழம் துணிக்குப் பின்னால் எத்தனை கைகளின் உழைப்பு உள்ளது என்பதை அன்றைய மக்கள் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர். அதனால் துணி கிழிந்தபோதும் அதனை எளிதில் எறிந்துவிடவில்லை.

பழைய பருத்திச் சேலை குழந்தைக்குத் தூளியானது. நைந்த வேட்டி கிழிக்கப்பட்டு, உள்ளங்கையில் முறுக்கப்பட்டு, விளக்குத் திரியானது. எஞ்சிய கிழிசல்கள் மூன்று பிரிகளாகப் பிரிக்கப்பட்டுச் சடைபோலப் பின்னப்பட்டு, வாயிற்படியில் கால்மிதியாயின. திரியும் கால்மிதியும் பழந்துணியை மீண்டும் நூல்வடிவிற்குக் கொண்டுசெல்லும் கைவினையின் எளிய வடிவங்களே ஆகும்.

எரியும் பட்டு

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் தாமல். பரந்த ஏரியும் வராகீசுவரர் கோயிலும் அவ்வூரின் அடையாளங்கள். தாமலை உள்ளடக்கிய காஞ்சிபுர வட்டாரம் பட்டு நெசவால் உலகப் புகழ் பெற்றது. சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி ஊடைநூலால் நெய்து, இரண்டையும் பிரிக்க இயலாதவாறு பிணைக்கும் 'கோர்வை' முறை இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு. மரபுவழிக் கோர்வை நெசவிற்கு ஒருவர் போதாது. தறியில் அமர்ந்து நெய்பவருக்குத் துணையாக மற்றொருவர் கரைக்குரிய நாடாவைச் செலுத்த வேண்டும். இவ்வாறு வாரக்கணக்கில் உழைத்தே ஒரு சேலை நெய்யப்படுகிறது.

இத்துணை உழைப்பில் உருவான சேலை பழசானதும் அதன் மதிப்பு வேறு வகையில் அளக்கப்படுகிறது. ஜரிகை என்பது பட்டு நூலின்மீது மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசிய இழை. அதனால், பழைய பட்டுச்சேலைகளை வாங்கும் வணிகர்கள் அவற்றில் அடங்கியுள்ள வெள்ளியைக் கணக்கிட்டு விலை தருகின்றனர். வாங்கிய சேலையைத் தீயிலிடும்போது பட்டு கருகிச் சாம்பலாகிறது. எஞ்சும் உலோகத்தை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுக்கின்றனர். பட்டுக்கும் அதில் அடங்கிய உழைப்புக்கும் இவ்வணிகத்தில் விலை இல்லை.

சேலையை விற்கும் குடும்பத்தைக் குறைகூற இயலாது. பெட்டியில் மடிந்து கிடக்கும் சேலை அவசரத் தேவைக்குப் பணமாவது அக்குடும்பத்திற்கு உதவியே. ஆயினும் வெள்ளியை எடுப்பதற்குப் பட்டை எரித்தே ஆக வேண்டுமா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கு விடை காண, துணியை மீண்டும் நூலாக்கும் வழிகளை அறிதல் வேண்டும்.

எதிர்வழியின் மூன்று படிகள்

ஒரு துணிக்குள் மூன்று அமைப்புகள் உள்ளன. மிக நுண்ணிய இழைகள் முறுக்கப்பட்டு நூலாகின்றன. நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படும் பாவு நூலும், குறுக்கே செல்லும் ஊடை நூலும் பின்னிப் பிணைந்து துணியாகின்றன. பழந்துணியை நூலாக்குபவர் இம்மூன்றில் எந்த அமைப்பைக் குலைக்கிறார் என்பதைப் பொறுத்து வழிகள் வேறுபடுகின்றன.

முதற்படி: நூலை உருவுதல்

நெய்த துணியின் ஓரத்திலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவி எடுப்பது முதல் வழி. வங்காளத்தின் 'காந்தா' தையற்கலை இவ்வழியில் வளர்ந்தது. அங்குள்ள பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக வைத்து விரிப்புகளாகத் தைத்தனர். தைப்பதற்குரிய வண்ண நூலைப் பழஞ்சேலைக் கரைகளிலிருந்தே உருவிக்கொண்டனர். இம்முறையில் நூலின் முறுக்கும் நிறமும் அப்படியே காக்கப்படுகின்றன. ஆனால், பொறுமை மிகுதியாக வேண்டும். கிடைக்கும் நூலும் குறைவு. நைந்த நூல் உருவும்போதே அறுந்துவிடும்.

இரண்டாம்படி: பட்டை நூல்

துணியைக் குறுகிய பட்டைகளாகக் கிழித்தோ வெட்டியோ அப்பட்டைகளையே நூலாகப் பயன்படுத்துவது இரண்டாம் வழி. கைவினைப் பொருள்கள் செய்வோர் பெரிதும் மேற்கொள்வது இதுவே. ஒரு கத்தரிக்கோலும் சிறிது பயிற்சியும் போதும்.

ஐந்தரை மீட்டர் நீளமும் 120 செ.மீ. அகலமும் உடைய பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். அதன் அகலத்தில் 2 செ.மீ.க்கு ஒரு வெட்டு இட்டு நீளவாட்டில் கிழித்தால் 60 பட்டைகள் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் ஏறத்தாழ 330 மீட்டர் நீளமுள்ள பட்டை நூலாகும். பாவு நூலின் திசையில் கிழிப்பதால் பட்டை நேராக வரும். ஓரங்களில் மட்டும் சிறிது பிசிர் தோன்றும்.

பட்டைகளை இணைக்க ஊசி தேவையில்லை. இரு பட்டைகளின் முனைகளிலும் பொத்தான் துளை அளவிற்குச் சிறு கீறல் இட வேண்டும். ஒரு பட்டையின் கீறல்மீது மற்றதன் கீறலைப் பொருத்தி, இரண்டாம் பட்டையின் மறுமுனையைக் கீழிருந்து இரு கீறல்களின் வழியாகவும் மேலே இழுத்தால் கண்ணி இறுகிவிடும்.

பனியன் போன்ற பின்னல் துணிக்கு முறை சற்று மாறுபடும். பின்னல் துணியில் பாவும் ஊடையும் இல்லை. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டிருக்கிறது. எனவே அதனைக் கிழிக்க இயலாது, வெட்ட வேண்டும். கைப்பகுதிக்குக் கீழுள்ள உடற்பகுதி குழாய் வடிவில் இருக்கும். அதனைச் சுருள் வடிவில், இடையறாமல் வெட்டிச் சென்றால் இணைப்பே இல்லாத நீண்ட பட்டை கிடைக்கும். சுற்றளவு 100 செ.மீ., உயரம் 40 செ.மீ. உள்ள பனியனை 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டினால் ஏறத்தாழ 16 மீட்டர் கிடைக்கும். பட்டையை இரு கைகளாலும் இழுத்துவிட்டால் அதன் ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு, உருண்டையான நூலாகும்.

இந்நூலைக் கொக்கி ஊசியால் பின்னிப் பைகளும் கூடைகளும் செய்யலாம். தறியில் நெய்வதானால் பட்டை நூலை ஊடையாக மட்டுமே பயன்படுத்த வேண்டும். பாவு நூல் தறியின் இழுவிசையை ஓயாது தாங்க வேண்டியிருப்பதால் அதற்கு உறுதியான புதிய பருத்தி நூலே ஏற்றது.

பருத்தி விளையாத குளிர்மிகு வடசப்பானில் இம்முறை தனிக் கலையாகவே வளர்ந்தது. தெற்கிலிருந்து கப்பலில் வந்த பழைய பருத்தித் துணிகளை வாங்கி, பட்டைகளாகக் கிழித்து, ஊடையாக இட்டு அப்பகுதி மக்கள் கனத்த ஆடைகளை நெய்துகொண்டனர். கிழித்து நெய்தல் என்னும் பொருள்படும் 'சகிஓரி' என்பது அக்கலையின் பெயர்.

மூன்றாம்படி: இழையாக்கி மீண்டும் நூற்றல்

துணியையும் நூலையும் முற்றிலும் குலைத்து, பஞ்சாக்கி, புதிதாக நூற்பது மூன்றாம் வழி. இது கைவினைக்கு அப்பாற்பட்டது. ஆலைத் தொழிலுக்கு உரியது. இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியிலுள்ள பேட்லி என்னும் ஊரில் 1813ஆம் ஆண்டு பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தல்களைப் பிய்த்து, புதுக் கம்பளியுடன் கலந்து நூற்கும் முறையைக் கண்டார். இன்று அரியானாவின் பானிப்பட்டு நகரம், பல நாடுகளிலிருந்து வரும் பழைய கம்பளி ஆடைகளைப் போர்வைகளாக மாற்றுகிறது.

தமிழகத்தில் இத்தொழிலுக்கு மூலப்பொருள் தருவது திருப்பூர். பனியன் வெட்டும்போது விழும் துண்டுகள் நிறவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. முள் பொருத்திய உருளைகள் அவற்றைப் பிய்த்துப் பஞ்சாக்குகின்றன. கோவை, திருப்பூர் வட்டாரங்களிலுள்ள 'ஓபன் எண்டு' நூற்பாலைகள் அப்பஞ்சை நூலாக்குகின்றன. இந்நூலிலிருந்து கையுறைகள், விரிப்புகள், துடைக்கும் துணிகள் முதலியவை உருவாகின்றன.

நிறவாரியாகப் பிரிப்பதில் ஒரு நன்மை உண்டு. நீலத் துண்டுகளிலிருந்து நீல நூலே கிடைப்பதால் மீண்டும் சாயமேற்றத் தேவையில்லை. நொய்யல் ஆற்றின் மாசுபாட்டைக் கருத்திற்கொண்டு, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதை நினைவுகூர்ந்தால் இந்நன்மையின் பெருமை விளங்கும்.

இவ்வழியில் இழப்பும் உண்டு. பருத்தி இழையின் நீளம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. பிய்க்கும்போது அது மேலும் துண்டாகிறது. குட்டையான இழைகள் ஒன்றையொன்று உறுதியாகப் பற்றுவதில்லை. எனவே புதுப்பஞ்சையோ பாலியஸ்டர் இழையையோ கலக்க வேண்டியுள்ளது. நூலும் தடித்தே அமைகிறது. மெல்லிய மேலாடையாக இருந்த துணி, தடித்த விரிப்பாகவே திரும்பி வருகிறது.

தெரிந்து தெளிவோம்

பருத்தி நூலின் பருமனைக் 'கவுண்ட்' என்னும் அளவால் குறிப்பர். 840 கஜ நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டங்கள் உள்ளனவோ அதுவே அந்நூலின் கவுண்ட். ஆகவே எண் கூடக்கூட நூல் மெலியும். எண் குறையக் குறைய நூல் தடிக்கும்.

குறையக் குலைத்தல்

மூன்று படிகளையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பட்டையாகக் கிழிக்கும்போது துணி குலைகிறது; அதன் நூல்களிற் பெரும்பாலானவை பட்டைக்குள் காக்கப்படுகின்றன. உருவும்போது நெசவு முழுவதும் குலைகிறது, நூல் எஞ்சுகிறது. பிய்க்கும்போது நூலும் குலைகிறது. குட்டையான இழை மட்டும் எஞ்சுகிறது. எரிக்கும்போது இழையும் மறைகிறது. எவ்வளவு குறைவாகக் குலைக்கிறோமோ அவ்வளவு மிகுதியான உழைப்பு காக்கப்படுகிறது என்பதே பழந்துணிக் கைவினையின் அடிப்படை.

இவ்வடிப்படையில் காஞ்சிப் பட்டுக்கு மீள்வோம். பட்டின் பெருமையே அதன் இழைநீளந்தான். ஒரு பட்டுக்கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒற்றை இழை கிடைக்கிறது. அத்தகைய இழையைப் பிய்ப்பதும் எரிப்பதும் அதன் சிறப்பையே அழிப்பதாகும். சேலையின் வெள்ளி பெரும்பாலும் கரையிலும் முந்தானையிலும் அடங்கியுள்ளது. அப்பகுதிகளைத் தனியே வெட்டி எடுத்தால் அவற்றிலுள்ள வெள்ளியின் அளவு குறைவதில்லை. உடற்பகுதியின் பட்டைப் பட்டை நூலாக்கி ஊடையாக இட்டால் திண்டு உறை, மேசை விரிப்பு, தோள்பை முதலியவற்றை நெய்யலாம். வெள்ளி பணமாகும், பட்டும் வாழும்.

எல்லாச் சேலைக்கும் இது பொருந்தாது. நெடுங்காலம் ஒரே மடிப்பில் வைக்கப்பட்ட பட்டு, மடிப்பின் வழியே இற்றுப்போகும். இரு கைகளாலும் மெல்ல இழுக்கும்போதே கிழியும் பகுதியை விலக்கி, உறுதியான பகுதியை மட்டுமே எடுக்க வேண்டும். உடுத்தத்தக்க நிலையிலுள்ள சேலையை நூலாக்குவதும் வீணே. செப்பனிட்டு உடுத்துவது எல்லாப் படிகளுக்கும் முற்பட்ட படி. அது இயலாதபோதே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

பழந்துணியை நூலாக்கும் கைகள், துணி எவ்வாறு உருவானது என்பதையும் கற்றுக்கொள்கின்றன. பாவு எது, ஊடை எது, கோர்வை எங்கே பிணைகிறது என்று அறியாமல் ஒரு சேலையைச் செம்மையாகப் பிரிக்க இயலாது. நெய்தவரின் அறிவைப் பிரிப்பவரும் பெறுவதற்கு இது வழியாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள பயன்படாத பனியன் ஒன்றைச் சுருள் வடிவில் வெட்டிப் பட்டை நூலாக்குக. கிடைத்த நீளத்தை அளந்து, முன்கூட்டியே கணக்கிட்ட நீளத்துடன் ஒப்பிடுக.

2. பழந்துணிகள் முன்பு எவ்வெவ்வாறு பயன்பட்டன என்பதை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.

3. 'பழைய பட்டுச்சேலையின் மதிப்பு வெள்ளியால் மட்டும் அளக்கத்தக்கதா?' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.