பேட்டரி மாற்றியதும் கார் ரேடியோ 'கோட்' கேட்கிறதா? தொலைந்த எண்ணைத் திரும்பப் பெறுவது எப்படி?

கொச்சியில் இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கி போன்ற காயலோரப் பகுதிகளில் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புநீர் தீராத தலைவலி. ஓதம் ஏறும் நாட்களில் (அங்கே 'வேலியேற்றம்' என்பார்கள்) காயல் தண்ணீர் தெருவுக்கும் வீட்டு முற்றத்துக்கும் வந்துவிடும். உப்பு படிந்தால் பேட்டரி டெர்மினல் அரித்துப்போகும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ, பேட்டரியையே மாற்றவோ வேண்டியிருக்கும். வேலை முடிந்து கார் ஸ்டார்ட் ஆகிவிடும். ரேடியோ மட்டும் பாடாது. திரையில் 'கோட்' என்ற ஒற்றை வார்த்தை நிற்கும்.

"செட் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிடாதீங்க. தண்ணீர் டேஷ்போர்டு வரை ஏறாத வண்டி என்றால், ரேடியோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அது கேட்பது உங்கள் அடையாளத்தை மட்டும்தான்.

எதற்காக இந்தப் பூட்டு?

1980-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவைத் திருடுவது சர்வசாதாரணமாக நடந்தது. திருடியதை விற்க முடியாமல் செய்தால் திருட்டு குறையும் என்று நிறுவனங்கள் நினைத்தன. அப்படி வந்ததுதான் இந்த ரகசிய எண்.

ரேடியோவுக்கு இரண்டு மின் இணைப்புகள் இருக்கும். ஒன்று சாவி போட்டால் மட்டும் மின்சாரம் தரும். இன்னொன்றில் 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாவது இணைப்பு துண்டிக்கப்பட்டால், தன்னை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று ரேடியோ எடுத்துக்கொள்ளும். திருடன் கழற்றினானா, மெக்கானிக் பேட்டரி மாற்றினாரா என்பது அதற்குத் தெரியாது. சரியான எண் உள்ளே இருக்கும் ஒரு சிப்பில் பதிந்திருக்கும். மின்சாரம் போனாலும் அது அழியாது.

முதலில் எங்கே தேட வேண்டும்?

எண் பெரும்பாலும் காருக்குள்ளேயே இருக்கும். உரிமையாளர் கையேட்டுடன் வந்த சிறிய அட்டை, கையேட்டின் முதல் அல்லது கடைசிப் பக்கம், க்ளவ் பாக்ஸின் உள்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் முந்தைய உரிமையாளருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

சில கார்களில் எண்ணே தேவைப்படாது. ஹோண்டாவின் சில மாடல்களில் இக்னிஷனை ஆன் செய்து, ஆடியோவின் பவர் பட்டனை 2 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், அது காரின் கட்டுப்பாட்டுக் கருவியோடு பேசி, அதே கார்தான் என்று உறுதி செய்துகொண்டு தானாகத் திறந்துவிடும்.

அட்டையும் இல்லை, என்ன செய்வது?

இப்போது தேவைப்படுவது ரேடியோவின் சீரியல் எண். ரகசிய எண் இந்த சீரியல் எண்ணோடு இணைக்கப்பட்டது. கார் மாடலைச் சொன்னால் மட்டும் கிடைக்காது.

பல ஹோண்டா கார்களில் ரேடியோவை அணைத்துவிட்டு, 1, 6 ஆகிய இரு பட்டன்களையும் அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் சீரியல் எண் திரையில் வரும். ரெனோவின் பல ரேடியோக்களில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் கொண்ட குறியீடு பெட்டியின் மீது ஒட்டப்பட்டிருக்கும். அதைப் படிக்க ரேடியோவை டேஷ்போர்டிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. எழுதிவைப்பதைவிட அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் வேறு எண்தான் வரும்.

சீரியல் எண், சேசிஸ் எண், ஆர்.சி., உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றோடு அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கார் உங்களுடையதுதானா என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், இல்லையென்றால் பூட்டுக்கே அர்த்தமில்லை.

சிக்கல் வருவது இங்கேதான். மட்டாஞ்சேரி பதிவான கே.எல். 43 வண்டியை வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தால், காகிதத்தில் அது இன்னொருவர் கார். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ரேடியோவுக்காக இல்லாவிட்டாலும், இன்சூரன்ஸுக்காகவாவது அதை முடித்துவிடுங்கள்.

குத்துமதிப்பாக அடித்துப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புகள். பழைய ஃபோக்ஸ்வாகன் ரேடியோக்களில் இரண்டு முறை தவறினால் 'சேஃப்' என்று காட்டி ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். மணிக்கு இரண்டு முயற்சி என்று வைத்தால், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 5,000 மணி நேரம், அதாவது 200 நாட்களுக்கு மேல் ஆகும். இந்தக் காத்திருப்பில் பல செட்டுகள் ஆன் நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதால், புது பேட்டரியும் இறங்கிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் கோட்களை நம்பலாமா?

சில பழைய ரேடியோக்களில் சீரியல் எண்ணிலிருந்தே ரகசிய எண்ணைக் கணக்கிட முடியும். அதனால்தான் இணையத்தில் சிலர் எண்ணை உடனே தந்துவிடுகிறார்கள். ஆனால் கணக்குக்குத் தேவை ரேடியோவின் சீரியல் எண் மட்டுமே. முகம் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆர்.சி. போட்டோ, ஆதார், ஓ.டி.பி. என்று கேட்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது உங்கள் ரேடியோ பற்றிய தகவலாக இருக்காது.

அடுத்த முறை மாட்டாமல் இருக்க

பேட்டரியைக் கழற்றும் முன் மெக்கானிக்கிடம், "ரேடியோ கோட் கேட்குமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தற்காலிகமாக 12 வோல்ட் கொடுத்துக்கொண்டே பேட்டரி மாற்றும் கருவி சில ஒர்க்‌ஷாப்களில் இருக்கும். ஆனால் வெள்ளம் புகுந்த காரில் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஈரமான வயரிங்கில் மின்சாரம் இருப்பதே ஆபத்து.

கோட் கையில் கிடைத்ததும் அதைக் காருக்குள் வைக்காதீங்க. காரோடு திருடினால் பூட்டும் சாவியும் ஒன்றாகப் போய்விடும். வீட்டில் ஆர்.சி., இன்சூரன்ஸ் காகிதங்கள் இருக்கும் ஃபைலில் எழுதி வைங்க. காரை விற்கும் நாளில் இரண்டாவது சாவியோடு அந்த எண்ணையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.